சீசனுக்கு மலையேற முன்: ஒரு வேன்காரரின் பதில்கள்

நான் அட்டன்காரன். 20 வருடத்துக்கு மேலாக வேனில் ஹயர் ஓடுகிறேன். சித்திரை லீவு நெருங்கினால் நுவரெலியா, கண்டி, எல்ல என்று கேள்விகள் வந்து குவியும். தனித்தனியாக எழுதி மாளாது, அதனால் வந்தவற்றை ஒன்றாக வைத்துப் பதில் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: மலையில் நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது மூடுபனி, மழை, தேத்தண்ணி. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அக்கா: நாங்கள் 11 பேர். 74 வயது அம்மா, மூன்று சின்னப் பிள்ளைகள். வருடப்பிறப்பு முடிந்த கையோடு இரண்டு நாள் நுவரெலியாவுக்கு வர யோசனை. தெரிந்தவர் ஒருவர் 14 இடம் எழுதித் தந்திருக்கிறார். பார்த்து முடிக்கலாமா?

பார்த்து முடிக்கலாம் அக்கா, வேன் கண்ணாடி வழியாக. அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள்.

உங்கள் பக்கத்துச் சமதரையில் 80 கிலோமீற்றர் என்றால் ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்குப் போடுவீர்கள். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஆனால் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று வளைந்து வளைந்து ஏற மூன்று மணித்தியாலம் பிடிக்கும். சீசனில் டவுனுக்குள் நுழைய மட்டும் இன்னொரு மணித்தியாலம் போன நாட்கள் உண்டு. மலையில் தூரத்தைக் கிலோமீற்றரில் கேட்காதீர்கள், நேரத்தில் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே மூச்சில் வராதீர்கள், முதல் இரவு கண்டியில் தங்குங்கள். மறுநாள் வெள்ளன 6 மணிக்குப் புறப்பட்டால் றம்பொடை அருவியைப் பார்த்து, ஆஞ்சநேயர் கோவிலில் கும்பிட்டுவிட்டு, மதியத்துக்கு முன்பே நுவரெலியா போய்விடலாம். அன்றைக்கு விக்டோரியா பூங்கா ஒன்றே போதும். டவுனுக்கு நடுவில் இருக்கிறது, பெரும்பாலும் சமதரை, அம்மா உட்கார வாங்குகள் உண்டு. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக வைத்த பெயர் அது. ஏப்ரலில் பூ பார்க்கவே சனம் வரும். பிள்ளைகளை அங்கே ஓட விட்டால் இரண்டு மணித்தியாலம் தானாகக் கழியும்.

அடுத்த நாள் காலை வெலிமடை வீதியில் போங்கள். முதலில் சீத்தாஎலிய சீதையம்மன் கோவில், அதைத் தாண்டினால் ஹக்கல பூங்கா. 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய இடம் அது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா எடுப்பது அந்த மரத்துப் பட்டையிலிருந்துதான். இப்போது ரோஜாவும் பன்னமுமாக இருக்கிறது. ஆனால் ஏற்றம் இறக்கம் உண்டு, அம்மாவைக் கீழ்ப்பகுதியில் ஓர் ஆளோடு உட்கார வையுங்கள். இரண்டு நாளுக்கு இவ்வளவுதான்.

ரூம் விஷயத்தில் மட்டும் கண்ணாயிருங்கள். ஏப்ரல் நடுவில் விலை பல மடங்காகும். முற்பணம் கட்டி, எழுத்தில் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் நான் ஏற்றிப் போன குடும்பம், 9 பேர், தொலைபேசியில் வாய்ப்பேச்சாக ரூம் பேசி வைத்திருந்தது. இரவு 8 மணிக்குப் போய் இறங்கினால், கூடுதல் காசு கொடுத்த வேறு ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள். டவுன் முழுக்கச் சுற்றியும் ரூம் இல்லை. கடைசியில் வாவிக்கரையில் வேனுக்குள்ளேயே எல்லோரும் படுத்தோம். விடியும்போது கண்ணாடியெல்லாம் உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. பாட்டி மட்டும் "நல்ல நித்திரை" என்றார். மற்ற யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ரூம் பேசியது என்னவோ நான் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: நண்பர்கள் ஆறு பேர் எல்லவுக்கு ரயிலில் போகிறோம். வாசலில் உட்கார்ந்து போட்டோ எடுக்க எந்தப் பெட்டி நல்லது?

எந்தப் பெட்டியும் நல்லதில்லை தம்பி. அந்தப் பாதையில் சுரங்கங்கள் நிறைய. பாறையை ஒட்டிக்கொண்டு ரயில் போகும் இடமும் நிறைய. வாசலில் தொங்கிப் படம் எடுக்கப் போய் விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். யன்னலைத் திறந்து வைத்து எடுங்கள், படம் குறையாது.

முற்பதிவு டிக்கெட் விற்பனை திறந்த உடனேயே எடுத்துவிடுங்கள். சீசனில் சீட் நிற்காது. கிடைக்கவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன்: முழுப் பயணத்தையும் ரயிலில் போக வேண்டியதில்லை. நானுஓயா வரை பஸ்ஸிலோ வேனிலோ வந்து, அங்கிருந்து எல்லவுக்கு ஏறுங்கள். பட்டிப்பொலையைத் தாண்டுவது அந்தத் துண்டில்தான். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றர் அளவில் இருக்கிற நிலையம், நம் நாட்டு ரயில் நிலையங்களில் அதற்கு மேல் உயரமானது கிடையாது. அப்புத்தளைக்குக் கிட்ட வந்ததும் ஒரு பக்கம் நிலமே இல்லாமல் கீழே போய்விடும். அதைப் பார்க்கத்தான் காசு.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அடுத்த நிலையமான தெமோதர வரை போங்கள். ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். மேலே நின்று பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பிடித்தது.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் சின்ன மகனுக்கு வளைவுகளில் வாந்தி வரும். ஹலால் சாப்பாடு, தொழுகைக்கு இடம், இரண்டும் கிடைக்குமா?

சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் சுருக்கமான பதில்: இரண்டும் கிடைக்கும். கண்டி, கம்பளை, நுவரெலியா மூன்றிலும் டவுனுக்குள்ளேயே பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் இருக்கின்றன. கம்பளையில் சாப்பிட்டுவிட்டு ஏறுவது வசதி என்று தோன்றும், அங்கேதான் பிழை. ஏற்றம் தொடங்கும் முன் வயிறு நிறையக் கொத்தும் புரியாணியும் சாப்பிட்டால் பெரியவர்களுக்கே புரட்டும்.

மகனுக்கு இரண்டு தேங்காய் ரொட்டியோ கிறீம் கிறேக்கரோ கொடுத்து, முன் சீட்டில், யன்னலோரமாக வையுங்கள். போனை வாங்கி வைத்துவிடுங்கள், குனிந்து பார்த்துக்கொண்டு வருவதுதான் பாதிக் காரணம். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தேசிக்காயைக் கீறி மணக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு பொலித்தீன் பை கையில் இருக்கட்டும், பின் சீட்டுப் பொதிக்குள் அல்ல.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன்: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். வேன் பிடிக்க வசதியில்லை. ஒரு நாள், பஸ்ஸில், குறைந்த செலவில் எங்கே கூட்டிப் போகலாம்? பிள்ளைகள் தேயிலையைத் தவிர வேறு எதையாவது பார்க்க வேண்டும்.

அண்ணே, வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். வெளியூர்க்காரர் தேயிலை பார்க்க வருகிறார்கள், நம் பிள்ளைகள் தேயிலை பார்த்துச் சலித்துப்போய் இருக்கிறார்கள். நானும் லயத்தில் வளர்ந்தவன். 11 வயதில்தான் முதல் முதலாக நூரளை, அதாவது நுவரெலியா, டவுனைப் பார்த்தேன். அன்றைக்கு என்னை வாய் பிளக்க வைத்தது பூவோ கட்டடமோ இல்லை, தண்ணீருக்கு மேலே ஆட்கள் ஏறி உட்கார்ந்து போகிற படகு.

முதல் பஸ்ஸில் அட்டனுக்கு வந்து நுவரெலியா பஸ் எடுங்கள். டிரைவருக்கு இடது கைப் பக்கம் யன்னல் சீட் கிடைத்தால் பிள்ளைகளை அங்கே வையுங்கள், கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. தலவாக்கலைக்கு முன் டெவன் அருவியும் சென்கிளயர் அருவியும் வழியிலேயே தெரியும். டெவன் 97 மீற்றர், சென்கிளயர் 80 மீற்றர். சென்கிளயரில் பழைய தண்ணீர் இல்லை, 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்ததோடு குறைந்துவிட்டது. தலவாக்கலை டவுனை ஒட்டி நிற்கிற நீர்த்தேக்கம் அந்தத் திட்டத்தினுடையதுதான்.

நுவரெலியாவில் இறங்கியதும் நேரே கிரகரி வாவி. அது தானாக வந்த ஏரி இல்லை, 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் வெட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரைப் பூங்காவுக்குள் போக டிக்கெட், படகுக்குத் தனியாகக் காசு. பெரிய மோட்டார் படகு வேண்டாம். மிதிக்கிற அன்னப் படகு ஒன்று அரை மணி நேரத்துக்கு எடுங்கள், ஏறும் முன் விலையைக் கேட்டு முடித்துவிடுங்கள். குதிரைக்கும் அப்படித்தான். "சும்மா ஏறுங்கள், பிறகு பார்ப்போம்" என்றால் ஏறாதீர்கள்.

சாப்பாடு வீட்டிலிருந்தே. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போய் விக்டோரியா பூங்காப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டால், கடையில் கொடுக்கும் காசுக்குப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரோபெரி வாங்கலாம். அதையும் வழியோரப் பெட்டிக்கடையில், சீசன் விலை தெரிந்துகொண்டு. 13, 14ஆம் திகதிகளில் மட்டும் போக வேண்டாம். வருடப்பிறப்புக்கு பஸ் குறைவு, கடைகளும் பூட்டு. ஏப்ரல் முதல் வாரம் என்றால் பூவும் இருக்கும், நெரிசலும் குறைவு. பின்னேரம் 3 மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள், அதற்கப்புறம் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: குளிக்க நல்ல அருவி?

பார்க்க என்றால் நிறையச் சொல்வேன். குளிக்க என்றால் ஊர்ச் சனம் குளிக்கிற இடத்தில் மட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் நிறம் மாறியதும் ஓட நேரம் இருக்காது. பதுளை துன்ஹிந்த 64 மீற்றர், ஒற்றையடிப் பாதையில் நடந்து போய்ப் பார்க்க அருமை. அங்கே குளிக்க இறங்காதீர்கள்.

கொழும்பிலிருந்து ஓர் அம்மா: லண்டனிலிருந்து தம்பி குடும்பம் ஓகஸ்ட்டில்தான் வருகிறது. அப்போது நுவரெலியா மழையாமே?

ஆமாம் அம்மா. தென்மேல் பருவக்காற்று அட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை நனைக்கும். ஆனால் அதே காற்று மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்துவிடும். பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல, பதுளை அப்போது வெயில். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் காய்ந்த காற்றுதான். ஆகவே ஓகஸ்ட்டில் பண்டாரவளையில் தங்குங்கள்.

ஒரு காலை அப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைத் தோட்டம் வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏறுங்கள். 8 மணிக்குள் மேலே நிற்க வேண்டும், 10 மணிக்கு மேல் மூடுபனிக்குப் பணம் கொடுத்த மாதிரிதான். மேலே சுடச்சுட ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும். லண்டன் பிள்ளைகளுக்குப் படத்தை விட அது ஞாபகம் இருக்கும்.

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி: வாடகைக் காரில் நானே ஓட்டி வரலாமா?

வரலாம், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாவிட்டால். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகிய மணம் வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள். நானுஓயா பக்கம் ராதெல்ல குறுக்கு வீதி கிட்ட என்று மேப் காட்டும், நான் அதில் இறங்குவதில்லை. 2023 ஜனவரியில் அங்கே நடந்த பஸ் விபத்தில் 7 பேர் போய்விட்டார்கள். எங்கள் அட்டன் குடும்பம் ஒன்றும் அதில்.

திருகோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி: ஏப்ரலில் கம்பளி ஜேக்கட் தேவையா?

பகலில் கழற்றுவீர்கள், இரவில் தேடுவீர்கள். குளிரை விட வெயில்தான் ஏமாற்றும், காற்று குளிர்ந்திருக்க முகம் கருகிவிடும். தொப்பியும் குடையும் வையுங்கள். ஓர்ட்டன் சமவெளிக்குப் போனால் விடியும் முன் வாசலில் நிற்க வேண்டும், அப்போது ஜேக்கட் இல்லாமல் முடியாது. அங்கே பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள்.

புத்தளத்திலிருந்து ஒருவர்: கண்டியில் அரை நாள் இருக்கிறது. தலதா மாளிகையா, பேராதனைப் பூங்காவா?

பிள்ளைகள் இருந்தால் பேராதனை. 147 ஏக்கர், ஓடலாம், புல்லில் உருளலாம், மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களை எண்ணலாம். தலதா மாளிகைக்கு என்றால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். அரைக் காற்சட்டையோடு வந்து வாசலில் சாரம் தேடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம், கால் வலிக்கிறது என்றால் வாவியைச் சுற்றி மெல்ல நடங்கள். 1807இல் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டுவித்தது. அதற்கு டிக்கெட் இல்லை.

பலர்: உங்கள் வேன் ஏப்ரலில் கிடைக்குமா?

இல்லை. 12ஆம் திகதியிலிருந்து மாதக் கடைசி வரை ஓட்டம். மே மாதம் கேளுங்கள், விலையும் குறைவு. மழைக்கோட் மட்டும் கொண்டு வந்துவிடுங்கள்.