கேள்வி–பதில்: நாற்காலியை முறித்த கதிர்

கேள்வி: ஐயா, வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி வெயிலில் வெளுத்து, போன வாரம் என் மாமியார் உட்கார்ந்ததும் முறிந்துவிட்டது. நல்லவேளை, அவருக்கு அடியில்லை. புற ஊதாக் கதிர்தான் காரணம் என்கிறார்கள். நான் வேலை பார்க்கும் பட்டறையிலோ, அதே கதிரை லேசராகப் பாய்ச்சினால் பிளாஸ்டிக்கில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும் என்று இயந்திரம் வாங்கப் போகிறார்கள். கெடுக்கிற கதிர் எப்படி ஐயா திருத்தும்?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: மாமியார் நலம் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் நடப்பது ஏறக்குறைய ஒரே வேதியியல்தான். கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. அறுந்த முனையில் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் சேர்ந்த பரப்பில் பெயின்ட் முத்து முத்தாகத் திரளாமல் பரவிப் பிடிக்கும். நாற்காலியில் இது ஆண்டுக்கணக்கில் நடந்து உள்ளே இறங்கிவிட்டது. லேசர் மேல்தோலோடு நின்றுவிடும்.

புற ஊதாக் கதிரைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சும் வாயு லேசருக்கு எக்சைமர் லேசர் என்று பெயர். அதன் ஒரு துடிப்பு 20 நானோவினாடி அளவுதான், அதாவது வினாடியில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. வலுவைக் கூட்டினால் மேலடுக்கு ஆவியாகப் பறந்துவிடும். வெப்பத்தையும் அதுவே கொண்டுபோய்விடுவதால் பக்கத்தில் கருகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். கருகாத, சுத்தமான வெட்டு! இன்றைய லேசிக் கண் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். (சாப்பாட்டை வீணாக்குகிறான் என்று திட்ட அங்கே நம் வீட்டுப் பாட்டி யாரும் இல்லை.)

இனி, இயந்திரம் விற்க வருபவர் தானாகச் சொல்லாத விஷயம். பிளாஸ்டிக் கதிரை விழுங்கினால்தான் வேலை நடக்கும். பாலிகார்பனேட், பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) போன்றவை 248 நானோமீட்டர் கதிரை நன்றாக விழுங்கும். கார் பம்பருக்குப் பயன்படும் பாலிப்ரோப்பிலீன் பெரும்பாலும் விழுங்காது. நாற்காலியும் பாலிப்ரோப்பிலீன்தானே என்பீர்கள். அதில் கலந்துள்ள அசுத்தங்கள் துளி ஒளியை விழுங்கினாலே போதும். வெயிலுக்கு அவசரமில்லை, பட்டறைக்கு உண்டு. உங்களுடையது பம்பர் வேலை என்றால் எரிவாயுச் சுடரை வேகமாக ஓட்டிக் காட்டும் பழைய முறையே போதும், செலவும் குறைவு.

வாங்கியே தீருவோம் என்றால், அந்த அலைநீளத்துக்கு உரிய, கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியும் புகை உறிஞ்சியும் விலையில் சேர்ந்தவையா என்று முதலில் கேளுங்கள். 193, 248 இரண்டு வகை லேசருக்குள்ளும் ஃபுளோரின் கலந்த வாயு இருக்கிறது, அது நச்சு. சிலிண்டர் வைக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும்.