சீட்டுக் கட்டிய பணம்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது; பத்தாம் வகுப்பு படிக்கிறான். சென்ற மாதம் ஒரு செல்போன் பறிப்பில் இவனையும் சேர்த்துப் பிடித்த போலீசார், எச்சரித்து எங்களிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகளுக்கு டியூஷனும் விளையாட்டும் வைத்துப் போலீசார் நடத்துகிற காவல் சிறார் மன்றத்தில் சேர்க்கும்படி ஆய்வாளர் சொல்கிறார். அங்கே அனுப்பினால் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது என்கிறார் என் கணவர். நல்ல பிள்ளைதான் அம்மா. கைமுடையாக இருந்த இரண்டு மாதமும் என் சீட்டுத் தவணையைக்கூட அவன்தான் கட்டினான். மன்றத்தில் சேர்ப்பதா, வேண்டாமா?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: மன்றம் இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகிற பையனுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டீர்கள். மகன் நீட்டிய நோட்டை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி, சீட்டுக்காரம்மாவிடம் எண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் நீங்கள் கேட்கவில்லை.

இப்படி எனக்கு வருகிற கடிதங்களில் எல்லாம் பழி சகவாசத்தின் மேல்தான் விழும். சகவாசம் உண்மைதான், 'சின்னப் பையன், பிடித்தாலும் விட்டுவிடுவார்கள்' என்று கணக்குப் போட்டுத்தான் பெரியவர்கள் பிள்ளைகளை ஏவுகிறார்கள். சட்டவிரோதச் செயலுக்குச் சிறாரைப் பயன்படுத்துகிற பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் 16 வயது நிறைந்த ஒருவன் கொடுங்குற்றத்தில் சிக்கினால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் மகனுக்கு 16 நிறைய இன்னும் எத்தனை மாதம்?

மன்றத்தில் சேருங்கள். பள்ளி விட்டபின் நீங்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை இருக்கிற அந்த மாலை நேரம்தான் ஏவுகிறவன் தெருமுனையில் காத்திருக்கிற நேரம். மன்றத்தின் டியூஷனும் கேரம் போர்டும் பந்தும் அந்த நேரத்தைத்தான் அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனபோது போகாத மானமா, கேரம் ஆடப் போவதால் போய்விடும் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா உங்கள் வடசென்னைப் பெண்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆட்டோ ஓட்டுகிற அவருடைய தந்தை. உங்கள் கணவரைப் பயிற்சி கொடுக்கச் சொல்லவில்லை. மாலையில் மகனை மன்றத்து வாசல்வரை அவரே அழைத்துப் போகட்டும், அதுவும் பத்துப் பேர் பார்க்க.

ஆனால் மன்றம் இரண்டு மணி நேரம்தான் பார்த்துக்கொள்ளும். மிச்ச நேரம் பிள்ளை பெற்றவர்களுடையது. இன்று இரவு இருவருமாக உட்கார்ந்து, அந்தப் பணம் யார் கொடுத்தது என்று அவனிடம் கேளுங்கள். அடிக்காமல் கேளுங்கள், பெயர் வரும்வரை கேளுங்கள். பெயர் வந்தால் ஆய்வாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அங்கே போகத் தயக்கமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள்.

அடுத்த தவணைக்குப் பணம் இல்லையென்றால் சீட்டுக்காரம்மாவிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அவன் நீட்டினால் வாங்காதீர்கள்.