பால்பல் கேட்ட மருத்துவர்கள்

வணக்கம் ஐயா,

நான் இங்கே பலதுறை மருந்தகம் ஒன்றில் பணியாற்றும் இளம் மருத்துவர். அணு ஆயுதத்துக்கும் சுற்றுச்சூழல் சீரழிவுக்கும் எதிராக மருத்துவர்கள் பேச வேண்டும் என்று நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து குழு ஒன்று தொடங்கினோம். சமூக மன்றத்தில் நடந்த முதல் கூட்டத்துக்கு ஆசிரியர்கள், பொறியாளர்கள், தாதியர் என்று அறுபது பேர் வந்தார்கள். ஹிரோஷிமா படங்களைக் காட்டினோம். பலர் கண்கலங்கினார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேர். புகைமூட்டம், வெப்பம், பிளாஸ்டிக் என்று கோரிக்கைகளை ஒன்பதாக்கியும் பயனில்லை. மருத்துவர் அல்லாதவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது? "இது அரசியல், நமக்கெதற்கு" என்னும் மூத்தவர்களுக்கு என்ன பதில்? 2017இல் அணு ஆயுதத் தடை ஒப்பந்த வாக்கெடுப்பில் சிங்கப்பூர் நடுநிலை வகித்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பால்பற்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். "அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேர்" என்ற வரியைப் படித்த பிறகு தள்ளிப்போட மனமில்லை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆதரவு 122, எதிர்ப்பு 1, நடுநிலை 1. அந்த நடுநிலை நாம்தான். தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக்கும் ஒப்பந்தத்தில் 1995இலேயே கையெழுத்திட்டதும் நாம்தான். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மூத்தவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1980இல் அணுப்போருக்கு எதிராகக் கைகோத்த பெர்னார்ட் லோன், யெவ்கெனி சாசோவ் இருவருமே இதய மருத்துவர்கள். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கே வைத்தியம் பார்த்தவர். 1985இல் அவர்கள் அமைப்புக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, அரசை எதிர்த்த சோவியத் இயற்பியலாளர் சகாரோவுக்கு எதிரான கடிதத்தில் சாசோவ் கையெழுத்திட்டது ஏன் என்று ஆஸ்லோவில் செய்தியாளர்கள் குடைந்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே சோவியத் செய்தியாளர் ஒருவர் மாரடைத்து விழ, இரு மருத்துவர்களும் ஓடிப்போய் அவருக்கு முதலுதவி செய்தார்கள். அரசியல் இல்லாத அறை மருத்துவருக்கு எப்போது வாய்த்தது?

இனி உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. அறுபது பேரை அழவைத்தீர்கள், சரி. அவர்கள் கையில் என்ன வேலையைக் கொடுத்து அனுப்பினீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒன்றுமில்லை. பயந்தவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, அடுத்து வரவேண்டிய தேதியைக் குறித்துக்கொடுக்காமல் அனுப்புவீர்களா? அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

செயின்ட் லூயிஸில் செய்ததைப் பாருங்கள். 1950களில் வல்லரசுகள் குண்டுகளைத் திறந்தவெளியில் வெடித்துச் சோதித்தன. அதில் உண்டான ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு புல்லில் இறங்கி, மாட்டுக்குள் போய், பாலில் வந்தது. வேதியியலில் அது கால்சியத்தின் குடும்பம் என்பதால் உடல் அதை எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்ளும். பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை எடுத்துச் சோதிக்க முடியாது. பால்பல் தானாகவே விழுகிறது. அதைச் சேகரிக்கலாமே என்று உயிர்வேதியியலாளர் ஹெர்மன் கால்க்கர் 1958 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த டிசம்பரிலேயே செயின்ட் லூயிஸ் குழு வேலையைத் தொடங்கிவிட்டது. முன்னின்று நடத்தியவர் லூயிஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர்.

பொதுமக்களிடம் அவர்கள் கேட்டது ஒரு பல், ஓர் அட்டை. குழந்தை பிறந்த தேதி, பிறந்த ஊர், கர்ப்பகாலத்தில் தாய் வசித்த இடம், தாய்ப்பாலா புட்டிப்பாலா, எத்தனை மாதம். ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. முன்வரிசைப் பால்பல்லின் மேற்பகுதி கருவிலேயே இறுகத் தொடங்கி, பிறந்த சில மாதங்களில் முடிந்துவிடும். ஆக, ஆறேழு வயதில் விழும் பல் அன்றைய பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. தாய் அப்போது என்ன சாப்பிட்டாள், குழந்தை முதல் மாதங்களில் எதைக் குடித்தது என்பதைச் சொல்லும். இப்போதைய முகவரி பயன்படாது, அப்போதைய முகவரிதான் வேண்டும். தாயின் உடல் ஸ்ட்ரான்ஷியத்தை ஓரளவு வடிகட்டிவிடுவதால் தாய்ப்பாலில் அது குறைவு. இரு வகைக் குழந்தைகளையும் கலந்துவிட்டால் கணக்கு குழம்பும். அட்டை இல்லாமல் வந்த பல் வீண்.

ஒரு பல்லில் இருப்பது அளக்கப் போதாது. பிறந்த காலத்தையும் குடித்த பாலையும் வைத்துப் பற்களைப் பிரித்து, தொகுதி தொகுதியாகத்தான் அளக்க முடியும். அதனால் ஆண்டுக்கு 50,000 பற்கள் தேவை என்று இலக்கு வைத்தார்கள். அத்தனையைச் சேர்க்கப் பள்ளிகள், நூலகங்கள், பல் மருத்துவர்கள் வேண்டும். பிரித்து அடுக்கத் தாய்மார்கள் வேண்டும். பல் கொடுத்த பிள்ளைக்கு, அறிவியலுக்காகப் பல் கொடுத்தேன் என்று சொல்லும் சட்டைப் பொத்தான். ஆள் சேர்ப்பு என்று தனியாக எதுவும் நடக்கவில்லை, கவனித்தீர்களா? ஆய்வின் அமைப்பே ஆளைக் கேட்டது. எந்தத் தாயிடமும் அணுக் கொள்கை பற்றி அபிப்பிராயம் கேட்கவில்லை. பல்லைத்தான் கேட்டார்கள். பல்லைக் கொடுத்தவள் முடிவு என்ன ஆயிற்று என்று விசாரிக்காமல் இருப்பாளா?

முதல் முடிவுகள் 1961 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தன. 1970 வரை சேர்ந்தவை ஏறத்தாழ 320,000 பற்கள். 1950இல் பிறந்த பிள்ளைகளைவிட 1963இல் பிறந்தவர்களின் பல்லில் ஸ்ட்ரான்ஷியம் சுமார் 50 மடங்கு. திறந்தவெளிச் சோதனைகளைத் தடுத்த ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் கையெழுத்தானது. பல்லால் மட்டுமே அது வந்தது என்று மேடையில் அடித்துவிடாதீர்கள். அவர்கள் அளந்தது பல்லில் படிந்த அளவைத்தான், நோயை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். மருத்துவர் ஒருமுறை மிகைப்படுத்திப் பிடிபட்டால் அதோடு சரி.

உங்கள் ஒன்பதில் எட்டை இப்போதைக்கு ஓரம்கட்டுங்கள். வெப்பத்தை எடுங்கள். காற்றின் சூடு, வெயில், காற்றோட்டம், ஈரப்பதம் நான்கையும் சேர்த்துச் சொல்லும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியே கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. புதிதாக வந்தவரைக் குறைந்தது ஏழு நாள் படிப்படியாகப் பழக்க வேண்டும். மணிக்கு 300 மில்லியாவது தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும். இதற்கு ஓர் அட்டை போடுங்கள்: நேரம், என்ன வேலை, சிங்கப்பூர் வந்து எத்தனை நாள், கடைசி ஒரு மணி நேரத்தில் ஓய்வு உண்டா, எத்தனை பாட்டில் தண்ணீர், சிறுநீர் என்ன நிறம்.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயலியில் பார்க்கும் அளவு தொலைவிலுள்ள நிலையத்தினுடையது. கான்கிரீட் தளத்தின் மேல் சூடு வேறு, ஆகவே அங்கேயே கருவி வைத்து அளக்க வேண்டும். அதற்குத்தான் உங்கள் பொறியாளர்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் எல்லா அட்டையிலும் "ஓய்வு உண்டு" என்றே வரும். தங்குவிடுதியில் இரவு உட்கார்ந்து நிரப்பினால் ஞாபகம் நேரத்தை மாற்றிவிடும். மயங்கி விழுந்தவர்களிடம் மட்டும் கேட்டால், விழாதவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் விகிதமே கிடைக்காது. பெயரும் வேலை அனுமதி எண்ணும் அட்டையில் வரவே கூடாது. ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்காமல் ஓர் அட்டைகூட வெளியே போகக் கூடாது.

அணு ஆயுதத்தை மறந்துவிடச் சொல்லவில்லை. 1962இல் அமெரிக்க மருத்துவர்கள் பாஸ்டன் நகரத்தின் மேல் குண்டு விழுந்தால் எத்தனை மருத்துவர்கள் மிஞ்சுவார்கள், காயம்பட்டோர் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதுவும் கைக்கு எட்டிய வேலைதான். ஆனால் முதல் அட்டை ஓடிய பிறகு.

தமிழிலும் வங்காளத்திலும் அச்சடித்துப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் ஒரு கேள்வியை வெட்டுங்கள். அதற்கு முன்னால் வரைவை எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.