தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன் மாடல் குறியீட்டைக் கேளுங்கள்

கேள்வி: இரண்டு வருடம் முன்பு கணவரின் தம்பி சொன்னார் என்று, ஏற்கெனவே பயன்படுத்திய ‘ஐ7’ லேப்டாப் ஒன்றைக் கடனில் வாங்கினோம். மகளின் பாடத்துக்கான மென்பொருள் விண்டோஸ் 11 கேட்கிறது. இந்த லேப்டாப்போ அதற்குத் தகுதியில்லை என்று காட்டுகிறது. இன்னும் 10 தவணை பாக்கி. “பாக்கியையும் சேர்த்து டாப்-அப் கடன் போட்டுப் புது ஏஐ லேப்டாப் வாங்கிடுங்க அண்ணி. என் பையனுக்கும் ஒண்ணு எடுங்க, மாசாமாசம் கொடுத்துடறேன்” என்கிறார் அவர். லேப்டாப்பின் குறியீட்டையும் எங்கள் வீட்டுக் கணக்குத் தாளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வீட்டுக் கணக்கை நீங்கள் ஒழுங்காக எழுதி வருவது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் பட்ஜெட் பாடம் நடத்தப் போவதில்லை. உங்களைக் கடிப்பது ஒரே ஒரு பழக்கம்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் முன்பே கடனுக்குக் கையெழுத்துப் போடுவது. பெயரையும் மாதத் தவணையையும் மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறீர்கள்.

லேப்டாப்பின் மூளையான பிராசஸருக்கு, நீங்கள் எழுதி அனுப்பிய குறியீடு இன்டெல் ஐ7-7500யு. கோட்டுக்குப் பின் வரும் நான்கு இலக்கத்தில் முதலாவதுதான் தலைமுறை. இது 7-ஆம் தலைமுறை, இரண்டே கோர் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு). அடுத்த தலைமுறையில் 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர். பெயரில் 5 என்றிருப்பது, 7 என்றிருப்பதை விட வேகமானது. ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தும்விட்டது. வாங்கும் அன்றே அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கடனே பிறந்திருக்காது.

இனி கணக்கு. புது லேப்டாப்பின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தாளின்படி பழைய பாக்கி தோராயமாக 30, கையில் உள்ள சேமிப்பு 20. டாப்-அப் என்றால் கடன் 130. உங்களிடம் சொல்லியிருக்கும் 12 சதவீதம், மூன்று வருடத்துக்கும் முழு அசலின் மேல் போடும் வட்டி. 130-க்கு 47 வட்டி, ஆக மொத்தம் 177. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்குச் சமம்! உதவாத பழைய லேப்டாப்புக்கு இன்னும் மூன்று வருடம் வட்டி கட்டுவீர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வேறு வழி: மகளின் வேலைக்குப் போதுமான, 60 விலையில் ஒரு லேப்டாப். சேமிப்பு 20 போக 40 மட்டும் ஒரு வருடக் கடன், அதே வட்டியில் 45 ஆகும். பழைய தவணை 30-ஐ அப்படியே கட்டி முடியுங்கள். சேமிப்பு 20-ஐயும் சேர்த்து மொத்தம் 95. மாதச் சுமை டாப்-அப்பின் 4.9-க்குப் பதில் 6.7 வரை போகும், முதல் பத்து மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு கடனும் தீரும்.

தம்பி மகனுக்கு வாங்கும் லேப்டாப் உங்கள் பெயரில் வேண்டவே வேண்டாம். அவர் ஒரு மாதம் தவறினாலும் அடி உங்கள் கடன் மதிப்பெண்ணுக்குத்தான். “எங்களுக்கே ஒரு கடன் ஓடுது தம்பி, என் பெயரில் இன்னொண்ணு முடியாது” என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

‘ஏஐ லேப்டாப்’ என்ற ஸ்டிக்கருக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் கோபைலட்+ முத்திரைக்கு, ஏஐ வேலைக்கென்றே உள்ளே இருக்கும் சில்லு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போட வேண்டும். இன்டெலின் முதல் தலைமுறை கோர் அல்ட்ரா பிராசஸரில் அது சுமார் 11 லட்சம் கோடிதான். இரண்டையுமே ‘ஏஐ’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். புதுசு என்பதையும் நம்ப வேண்டாம். ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர்களான ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் 2023-ஆம் ஆண்டு வரிசை. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், கோர் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்வது அதுதான்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யு-வின் கோர் வடிவமைப்பு 2019-இல் வந்தது.

அதனால் விற்பவரிடம் “ஐ7-ஆ?” என்று கேட்காமல், அடிப்பக்க ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். அதிலுள்ள முழு மாடல் குறியீட்டையும் வரிசை எண்ணையும் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் போட்டால், பெரும்பாலும் வாரண்டித் தேதியும் தொழிற்சாலையில் பொருத்திய பாகங்களும் தெரியும். படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பழைய லேப்டாப் என்றால் அது மட்டும் போதாது, நடுவில் யாராவது பாகத்தை மாற்றியிருக்கலாம். காசு கொடுக்கும் முன் இயக்கிப் பாருங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ (msinfo32) என்று தட்டினால் பிராசஸரின் முழுப் பெயர் வரும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பிராசஸரின் ஸ்டெப்பிங், ரிவிஷன் (அதே மாடலின் எந்தத் திருத்தப் பதிப்பு) வரை காட்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்றே சொல்லும். டிஸ்க்கின் பெயரோடு ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: 2021-இல் பெயர்பெற்ற சில எஸ்எஸ்டிகளில் (சில்லுகளால் ஆன டிஸ்க்), மாடல் பெயர் மாறாமலே உள்ளே மெதுவான சில்லுகள் வைத்தார்கள்.

அப்புறம், ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, கழற்றி மாற்றக்கூடியதா என்றும் கேளுங்கள். பற்றவைத்தது என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். மகளின் மென்பொருள் கேட்கும் குறைந்தபட்சத் தேவையைப் பாடத்துறையில் எழுத்தில் வாங்கி, நீங்கள் பார்த்து வைக்கும் இரண்டு மூன்று மாடல்களின் முழுக் குறியீடுகளோடு எனக்கு அனுப்புங்கள். அதன் பிறகு கடன் விண்ணப்பத்தைத் தொடலாம்.