கேக் இல்லாத மலைக் கல்யாணம்: இனிப்புக் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் பல வருடமாகக் கல்யாண வீடுகளுக்கு இனிப்பு செய்து தருகிறேன். 'கேக் வேண்டாம், ஆனால் மேசை நடுவில் ஏதாவது இருக்க வேண்டும்' என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: அக்கா, டிசம்பரில் தங்கைக்குச் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. 250 பேர் வருவார்கள். கேக்குக்குப் பதில் என்ன வைக்கலாம்?

கேரட் அல்வா வையுங்கள் தம்பி. நம் மண்ணில் விளைகிற கேரட்டை விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது? ஒரு கிலோ கேரட், ஒரு லிட்டர் பால், 400 கிராம் சர்க்கரை, 150 கிராம் நெய் போட்டால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ அல்வா வரும். ஆளுக்கு 60 கிராம் என்றால் 12 கிலோ கேரட் போதும். முந்தின நாளே கிளறி வைத்துவிடலாம், மறுநாள் கொஞ்சம் பால் தெளித்துச் சூடு பண்ணினால் சரி.

சூடாகத்தான் பரிமாற வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு ஜனவரிக் கல்யாணத்துக்கு இரவே மைசூர்பாகு அடுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் நெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வாயில் போட்டால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டியது. பெரியவர்கள் ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே இலை ஓரத்தில் வைத்தார்கள். அன்றிலிருந்து குளிர்காலத்தில் நெய் இனிப்பு என்றால், வெந்நீர் அண்டாவுக்குள் உருளியை இறக்கி வைத்துத்தான் பரிமாறுகிறேன்.

கேக் வெட்டும் நேரத்தில் மணமக்கள் முதல் கரண்டியை எடுத்து ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டு, அடுத்ததைத் தாத்தா பாட்டிக்குக் கொடுக்கட்டும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஊட்டியிலிருந்து: போட்டோவுக்கு உயரமாக ஒன்று வேண்டும். மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை அடுக்கலாமா, ஹோம்மேட் சாக்லேட்டா?

இரண்டையும் அடுக்கலாம். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதைப் பெருமையாக நடுவில் வைக்கலாமே! ஆனால் பனிமூட்டம் இறங்கினால் வர்க்கி நமுத்துப் போகும். டப்பாவை மூடியே வைத்திருந்து, விருந்தினர் உள்ளே வரும்போது அடுக்குங்கள். சாக்லேட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, காய்ந்தபின் வெள்ளை பூத்துவிடும். உங்கள் ஊர்க் குளிருக்கு ஃபிரிட்ஜ் தேவையே இல்லை.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: வீடியோவில் சொன்ன டிகிரிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பாகு காய்ச்சினேன், கல்லாகிவிட்டது. ஏன் அக்கா?

தவறு உங்களுடையது இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் பாகும் குறைந்த சூட்டிலேயே பதத்துக்கு வந்துவிடும். சமவெளிக் குறிப்பில் உள்ள டிகிரியில் 7 குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விரலால் தொட்டுக் கம்பிப் பதம் பாருங்கள். நம் அம்மாக்கள் பார்த்த பதம் எந்த உயரத்திலும் பொய்க்காது.

கொடைக்கானலிலிருந்து: எங்கள் தோட்டத்துப் பேஷன் ஃப்ரூட்டை வைத்து ஏதாவது?

கடல்பாசிப் புட்டிங், அதாவது கடையில் சைனா கிராஸ் என்று விற்கும் அகர் அகரில் செய்வது. கடல்பாசி குளிர்ந்தாலே இறுகும், ஐஸ் வேண்டாம். ஆனால் பழச்சாற்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் புளிப்பு அதன் பிடிப்பைக் கெடுத்துவிடும். கடல்பாசியைத் தண்ணீரில் முழுசாகக் கரையக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பிறகு சாற்றை ஊற்றுங்கள். சாறு ஜில்லென்று இருக்கக் கூடாது, திரிதிரியாகிவிடும். மேலே நாலு கறுப்பு விதை மிதக்கட்டும்.

பழனிச் சம்பந்தி பஞ்சாமிர்தம் கொண்டுவருகிறார்கள். அதையே இனிப்பாக வைக்கலாமா?

தாராளமாக. மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலம் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் பிசைவது அது. சூடான பணியாரத்தோடு ஒரு கரண்டி கொடுத்துப் பாருங்கள். கோயில் பிரசாதமாக வந்திருந்தால் மட்டும் மேசையில் அலங்காரமாக வைக்க வேண்டாம், ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். சம்பந்தி மனசும் குளிரும்.

எதில் பரிமாறுவது?

பிளாஸ்டிக் கப் நீலகிரியில் தடை. அல்வாவுக்கு மந்தாரை இலைத் தொன்னை, புட்டிங்குக்குப் பாக்கு மட்டைக் கிண்ணம். தொன்னையை முதல் நாளே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காய்ந்தால் மடிப்பில் கிழிந்து நெய் பட்டுப் புடவையில் ஒழுகும்.