மார்ட்டின் பெக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மாய் ஷேவால் – பேர் வாலே இணையர் எழுதிய, போலீஸ் துப்பறிவாளர் மார்ட்டின் பெக் நாயகனாக வரும் ஸ்வீடன் துப்பறியும் வரிசையில் முதல் நாவல் ‘ரோசன்னா’ ஆமை வேகம். நேராக நான்காவதான ‘சிரிக்கும் போலீஸ்காரர்’ படிக்கலாமா?

பதில்: படிக்கலாம், நஷ்டம் உங்களுக்குத்தான். 1968-ல் வந்த அந்த நாவலில் ஸ்டாக்ஹோம் பேருந்து ஒன்றில் ஒன்பது பேர் சுடப்படுகிறார்கள். அவர்களில் ஒருவர் பெக்கின் சக போலீஸ்காரர். முன்பே பழகியிருந்தால்தான் அந்தச் சாவு உறைக்கும்.

‘ரோசன்னா’வில் (1965) மெதுவே போவதுதான் சரக்கே. யோட்டா கால்வாயைத் தூர்வாரும்போது பிணமாகச் சிக்கிய பெண்ணின் பெயர் தெரியவே மாதக்கணக்காகிறது. கப்பல் பயணிகள் எடுத்த சுற்றுலாப் படங்களை வரவழைத்து ஒவ்வொன்றாகத் துழாவுகிறார்கள். நடுவே பெக்குக்கு வயிற்று வலி வேறு! மொத்தம் 10 நாவல். ஒவ்வொன்றும் 30 அத்தியாயம். ராத்திரிக்கு மூன்று அத்தியாயம் என்று வையுங்கள்.