கூலிங் டவர் முதல் துடைப்பக் கட்டை வரை: அனல்மின் நிலையம் பற்றிச் சில கேள்விகள்

நிலக்கரி யூனிட்டில் (பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு தொகுதிக்கு எங்கள் பேச்சில் யூனிட் என்று பெயர்) பல வருடம், அப்புறம் எரிவாயு யூனிட்டில் கொஞ்ச காலம் ஷிப்ட் பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், அந்தப் பெரிய கோபுரங்களில் வெள்ளையாகக் குபுகுபுவென்று புகை வருகிறதே, அத்தனையும் நச்சா?

இடுப்பு ஒடுங்கிய அந்தக் கோபுரம் கூலிங் டவர். அதில் வருவது புகையே இல்லை, மேகம் மாதிரி நீர்த்துளிகள்தான். புகை போவது பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் சிம்னி வழியே. யூனிட் ஒழுங்காக ஓடும்போது அதன் உச்சியில் பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் நிறமில்லாதவை, ஆகவே பயப்பட வேண்டியது தெரியாததைப் பார்த்துத்தான். சாம்பலை மட்டும் வழியிலேயே பிடித்துவிடுகிறோம். பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கு நடுவே புகையை அனுப்பினால் தூசு மின்னேற்றம் பெற்றுத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். சிறு சுத்தியல்கள் அந்தத் தகடுகளை அவ்வப்போது தட்டிச் சாம்பலைக் கீழே விழவைக்கும். நல்ல நிலையில் இருந்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நிலக்கரி வேண்டும்? கட்டி கட்டியாகவா அடுப்பில் போடுவீர்கள்?

500 மெகாவாட் யூனிட், கிலோவுக்கு 4,500 கிலோகலோரி தரும் சுமாரான நிலக்கரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு லோடில் மணிக்கு 250 டன் போல ஆகும். நாளைக்கு 6,000 டன், அதாவது 60 டன் வேகன்கள் நூறு. கட்டியாகப் போட்டால் எரிந்து முடிய நேரமாகும். அதனால் மில்லில் அரைத்து, முகப்பவுடர் மாதிரி ஆக்கி, சூடான காற்றோடு உள்ளே ஊதுகிறோம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுப்பே தெரியக் கூடாது. உள்ளே போன துகள் ஓரிரு நொடியில் எரிந்து முடிந்துவிடும். மின்நிலைய அடுப்பில் எரிவது நெருப்புக் குவியல் இல்லை, ஒரு பெரிய கூடம் நிறைய நிற்கும் தீப்பந்து.

டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் ஆவியை ஏன் குளிரவைத்துத் தண்ணீராக்குகிறீர்கள்? அப்படியே பாய்லருக்கு அனுப்பினால் எரிபொருள் மிச்சமாகுமே? (இயந்திரவியல் மாணவர்)

இதே சந்தேகம் எனக்கும் இருந்தது தம்பி. மற்றவர்களுக்காக ஒரு வரி: தண்ணீரை ஆவியாக்குவது பாய்லர், அந்த ஆவி பட்டுச் சுற்றி ஜெனரேட்டரைச் சுழற்றுவது டர்பைன். பாய்லருக்குள் அழுத்தம் 170 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 170 மடங்கு. அதை எதிர்த்து எதையாவது உள்ளே தள்ள வேண்டும். தண்ணீரைத் தள்ளுவது சுலபம், அது சுருங்காது, இடமும் கொஞ்சம்தான். ஆவியை அந்த அழுத்தத்துக்கு அமுக்கப் போனால், டர்பைன் சம்பாதித்தது அத்தனையும் அமுக்கும் இயந்திரமான கம்ப்ரசருக்கே சரியாகிவிடும்.

இன்னொன்று. ஆவியைக் குளிர்நீரால் ஆறவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சரில் அழுத்தம் 0.1 பார், கிட்டத்தட்ட வெற்றிடம். அங்கே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக இருந்தால் 14,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அது சட்டென்று ஒரு லிட்டராகச் சுருங்கும்போது உண்டாகும் வெற்றிடம் பின்னால் வரும் ஆவியை உறிஞ்சி இழுக்கிறது. முன்னால் பாய்லர் தள்ள, பின்னால் கண்டென்சர் இழுக்க, நடுவில் டர்பைன் சுற்றுகிறது. இதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. எரித்த வெப்பத்தில் ஏறக்குறைய பாதி குளிர்நீரோடு போய்விடும். நிலக்கரி நிலையத்தின் திறன் 35, 40 சதவீதத்தில் நிற்பது இதனால்தான். சோம்பேறித்தனம் இல்லை, வெப்ப இயக்கவியல்.

இரவில் தேவை குறைவு. அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் என்ன அண்ணா?

பாய்லரை யாரும் தரையில் உட்காரவைப்பதில்லை, மேலே உத்தரத்திலிருந்து தொங்கவிடுகிறோம். சூடேறினால் இரும்பு நீளும், பெரிய பாய்லர் ஒரு சாண் அளவுக்குக் கீழ்நோக்கி நீளும். கீழே முட்டுக் கொடுத்திருந்தால் எங்கே போகும்? பிய்த்துக்கொள்ளும். நீள்வதைத் தடுக்க முடியாது, எல்லாப் பக்கமும் சமமாக நீளும்படி பார்க்கலாம், அவ்வளவுதான். பாய்லரின் டிரம், அதாவது தண்ணீரும் ஆவியும் பிரியும் பெரிய உருளை, அதன் சுவர் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மேல் கனம். உள்பக்கம் சூடாகி வெளிப்பக்கம் ஆறியிருந்தால் விரிசலுக்கு வழி. ஆகவே மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். முழுக்க ஆறிய யூனிட்டை எண்ணெயில் பற்றவைத்து, ஆவி ஏற்றி, டர்பைனைச் சூடாக்கி லைனில் சேர்க்க எட்டு மணி நேரத்துக்குக் குறையாது.

நிறுத்தினாலும் நிம்மதி இல்லை. சூடான டர்பைன் தண்டு அசையாமல் கிடந்தால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறு வேறு சூட்டில் ஆறி, தண்டு வில்லாக வளையும். பல டன் எடை, நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகம், அதில் தலைமுடி அளவு வளைந்தாலே அதிர்ந்து நடுங்கும். எனவே நிறுத்திய கையோடு ஒரு மோட்டாரை இணைத்து, நாள்கணக்கில் அதை மெல்ல உருட்டிக்கொண்டே இருப்போம். பாரிங் கியர் என்று பெயர். கரண்ட் போய் அதுவும் நின்றால், கையால் உருட்டவும் ஏற்பாடு இருக்கும். அதனால்தான் இரவில் அணைப்பதைவிட லோடைப் பாதியாகக் குறைத்து ஓட்டுவோம்.

எரிவாயு நிலையத்தில் இந்தத் தொல்லை இல்லையா?

குறைவு. கேஸ் டர்பைன் விமான எஞ்சினின் பெரியண்ணன். காற்றை அமுக்கி, வாயுவை எரித்து, அந்தச் சூட்டுக் காற்றாலேயே சுற்றும். பாய்லர் நடுவில் இல்லாததால் அரை மணிக்குள் லோடு எடுக்க முடியும். ஆனால் டர்பைன் எடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அதன் கம்ப்ரசரே தின்றுவிடும். பெரிய இயந்திரங்களில் உள்ளே நுழையும் வாயு 1,400 டிகிரியைத் தாண்டும். பிளேடின் உலோகம் அதற்கு முன்பே உருகிவிடும் என்பதால் பிளேடுக்குள் குளிர்காற்று ஓட நுண்துளைகள் வைத்திருப்பார்கள். வெளியே வரும் புகை அப்போதும் 600 டிகிரி. அதை வீணாக்காமல் ஆவி தயாரித்து இன்னொரு டர்பைனைச் சுற்றினால் மொத்தத் திறன் 60 சதவீதம் வரை போகும். சாம்பல் இல்லை, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கரியமில வாயுவும் நிலக்கரியில் வருவதில் பாதி போலத்தான். எனக்குத் தனிப்பட்ட முறையில் நிலக்கரி யூனிட் ஓட்டுவதில்தான் ருசி. அது ஒரு ஆனையைப் பழக்குவது மாதிரி.

ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜன் நிரப்புவீர்களாமே, வெடிக்காதா?

சுத்தமான ஹைட்ரஜன் எரியாது, காற்று கலந்தால்தான். லேசானது, சூட்டை நன்றாகக் கடத்தும், அதனால் குளிரூட்ட ஏற்றது. நிரப்பும் முன் கரியமில வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றிவிடுவோம். இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கவே விடமாட்டோம்.

பயந்துபோன சம்பவம் ஏதாவது?

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வால்வு பக்கம் விசில் மாதிரி சத்தம். கொஞ்ச தூரம் தள்ளி வெள்ளையாக ஆவி தெரிந்தது. அதைச் சுற்றிக்கொண்டு, தெளிவாக இருந்த பக்கமாகப் போனேன். பின்னாலிருந்து ஃபோர்மேன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "தம்பி, வெள்ளையா இருக்கிற இடம் பரவாயில்லை. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலையே, அங்கதான் இருக்கு" என்றார். 540 டிகிரி ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆறிய பிறகுதான் வெள்ளையாகும். அப்புறம் ஒரு துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து சத்தம் வந்த பக்கமாக மெல்ல நீட்டினார். நுனி படாரென்று சிதறிப் போனது.

அந்தக் கட்டையை ரொம்ப நாள் லாக்கரில் வைத்திருந்தேன். ஷிப்ட் மாறும்போது யாரோ தரை கூட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.